வலி நின்ற வெள்ளிக்கிழமை

ஏஞ்சலம்மாளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது என்பது தாராவியில் அவள் குடியிருந்த லைன் முழுக்கத் தெரிந்த சங்கதி. விடியும் முன்பே அவள் வாசலில் சைக்கிள்காரர்கள் வந்து நிற்பார்கள். அண்டாவில் இட்லி வாங்கிக்கொண்டு மாஹிம், பாந்த்ரா என்று விற்கப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் மறுநாள் வந்து, "நேத்து மாவு புளிச்சுட்டு அக்கா, பாதி இட்லி திரும்பிட்டு" என்று சொன்னால், அவள் அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். பொய் சொல்கிறவன் கால் மாற்றி நிற்பான் என்பது இத்தனை வருஷத் தொழிலில் அவள் கண்டது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. கணவர் வேதமுத்து இறந்த பிறகு ஒரே மகன் ஜாபெஸைப் படிக்கவைத்து, வாஷியில் ஒரு கூரியர் ஆபீஸில் உட்கார வைத்ததும் இந்தக் கண்தான் என்று அவள் நம்பினாள். கண்ணைக் கொடுத்த கர்த்தருக்குத் தினமும் நன்றி சொல்லவும் தவறியதில்லை.

ஆகவே மருமகள் ஜெனி இடுப்பு வலிக்கிறது என்று சொன்னபோதும் ஏஞ்சலம்மாள் அவளுடைய காலைத்தான் பார்த்தாள்.

ஜெனி கல்யாண் ஊரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்த வீட்டில் இரும்பு ஏணி கிடையாது. இங்கே கீழே ஓர் அறை, மேலே மச்சு. நடுவில் செங்குத்தாக ஓர் ஏணி. அரைத்த மாவு மேலே புளிக்கும், விடியலில் கீழே இறங்கும். ஒரு நாள் மாவு வாளியோடு ஏணியில் பாதி ஏறும்போது, இடுப்புக்குள் ஏதோ சொடக்குப் போட்டதுபோல இருந்தது என்றாள். அன்றிலிருந்து வலி. பின்னந்தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரைக்கும் கொதிக்கிற கம்பியை இழுத்ததுபோல.

வலி என்றால் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது ஏஞ்சலம்மாளின் கணக்கு. அடிபட்ட இடம் வீங்கவேண்டும். காய்ச்சல் என்றால் சுடவேண்டும். இந்த வலிக்கு எந்த ஒழுங்கும் இல்லை. காலையில் எழும்ப முடியாது என்பவள் மத்தியானம் நடமாடினாள். எதிர்வீட்டு ஷர்மிளாவோடு வாசலில் நின்று பேச முடிந்தது. உட்கார்ந்து வெங்காயம் உரிக்க முடியவில்லை.

"நின்னு ஊர்க்கதை பேசையில வலிக்கலையாட்டி?" என்று கேட்டாள் ஏஞ்சலம்மாள். "உள்ளி உரிக்க உக்காந்தாத்தான் வலிக்கோ? நல்ல விவரமான வலிதான். வேலை எங்க இருக்குன்னு பாத்துல்லா வருது!"

"நின்னா கொஞ்சம் தேவல அத்தை. உக்காந்தாத்தான் உயிர் போவுது. தும்முனாக்கூட காலு வரைக்கும் இழுக்கு."

"தும்முனா காலு இழுக்குமா? ஷர்மிளா, கேட்டியா இந்த அநியாயத்த? கல்யாண்ல தும்மலே வேற மாதிரி போலிருக்கு."

ஷர்மிளா சிரித்தாள். ஜெனியும் சிரிக்கப் பார்த்தாள்.

வைத்தியம் பார்க்காமல் விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். வலி நின்றது, இரண்டு நாளில் திரும்பியது. அடுத்தவர் கிட்னியில் கல் என்று சந்தேகப்பட்டார். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் குடித்து ஜெனிக்கு அதன் வாடையே ஆகாமல் போயிற்று. கல் இல்லை. இன்னொருவர் கர்ப்பப்பை என்றார், அதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல இருந்தது. கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கும் நாளில் ஜெனியால் பஸ் ஏற முடியவில்லை. ஜாபெஸ்தான் லீவு போட்டுப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னல சொன்னாவ?"

"டிஸ்க்கு கொஞ்சம் பிதுங்கியிருக்காம்மா. ஆனா படத்துல இப்படி இருக்கிறது நெறைய பேருக்கு உண்டாம். வலியே இல்லாதவனுக்குக்கூட இருக்குமாம். மாத்திரை சாப்பிட்டு, வெயிட்டு தூக்காம இருந்தா போதும்னாங்க."

"வேற?"

ஜாபெஸ் கால் மாற்றி நின்றான். "வேற ஒண்ணுமில்லம்மா."

மகனின் காலை ஏஞ்சலம்மாள் பார்க்கவில்லை. எல்லாருக்கும் இருப்பதுதான் என்ற சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் இருப்பது நோயாகுமா?

ஆனாலும் நியாயமாகச் சோதித்துவிட வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தாள். ஜெனி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்த நேரம். "ஏட்டி, மாவுச் சட்டி சரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினாள். ஜெனி ஒரே பாய்ச்சலில் போய், சரியாத சட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பாத்தியா? ஓடத் தெரியுதுல்லா! இந்த நாடகத்தையெல்லாம் எம்புள்ளகிட்ட வச்சுக்கோ."

ஜெனி சட்டியை விடவில்லை. விட்டால் கீழே விழுந்துவிடுவாள் என்பதால் அதையே பற்றிக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் வரை அவளால் படுக்கையிலிருந்து எழும்ப முடியவில்லை. சாயங்காலத்தை ஏஞ்சலம்மாள் கணக்கில் சேர்க்கவில்லை. தேடிய சாட்சி கிடைத்தபின் யார்தான் மேற்கொண்டு விசாரிக்கிறார்கள்?

எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சல் தந்தது கழிப்பறை விஷயம். லைனின் கடைசியில், சாக்கடைப் பாலத்தைத் தாண்டி இருக்கிறது பொதுக் கழிப்பறை. காலையில் கூட்டம், மத்தியானம் தண்ணீர் இராது, இருட்டினால் பயம். அங்கே வாழ்கிற பெண்கள் சிறுவயதிலிருந்தே அடக்கப் பழகிக்கொள்கிறார்கள். விடியுமுன் ஒருதரம், இருட்டியபின் ஒருதரம். அதற்கேற்பத் தண்ணீரையும் குறைத்தே குடிப்பார்கள். ஜெனிக்கு அந்தப் பழக்கம் முழுதாக வரவில்லை. வலி வந்த பிறகு துணைக்கு ஓர் ஆள் வேறு வேண்டியிருந்தது, கையைப் பிடித்து உட்காரவைத்துத் தூக்கிவிட.

"வீட்டுக்குள்ளயே கக்கூஸ் வச்சு வளந்த மகாராணி," என்று சொல்லிக்கொண்டேதான் ஏஞ்சலம்மாள் கூடப் போவாள். போகாமல் இருந்ததில்லை. ஆனால் வார்த்தையும் நின்றதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். தோல்பை தைக்கிற பட்டறைக்கு மேலே ஒரு நீளமான அறைதான் அவர்கள் சபை. பெண்கள் பாயில் வரிசையாக உட்காருவார்கள். ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"அத்தை, நான் சேர்ல உக்காரட்டா?"

"அது முட்டி போன கிழவிமாருக்கு. உனக்கு என்ன வயசாச்சு? உக்காந்து ஜெபம் பண்ணு. அவர் பாத்துக்கிடுவார்."

ஜெனி பாயில் சம்மணமிட்டாள். முதல் ஒரு மணி நேரம் அவள் நெளிந்ததும், உதட்டைக் கடித்ததும், பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. பிறகு பட்டறையிலிருந்து பசை வாடை மேலே வந்தது. ஜெனி இருமினாள். இரண்டாவது இருமலில் அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது; "அம்மா!" என்று ஒரு சத்தம். சுற்றியிருந்தவர்கள் அதை ஜெபத்தின் உருக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் நெளியவில்லை. ஜெபம் முடிகிறவரைக்கும் கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்டரம்மா வந்து அவள் தலையில் கை வைத்தார். "மக்களே, வலி இருக்கா?"

ஜெனி யோசித்தாள். தேடிப் பார்க்கிறவள்போல இருந்தது அவள் முகம். "இல்ல… தெரியல. கால்ல அந்த இழுப்பு இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்றது அறை முழுவதும். ஏஞ்சலம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. உண்மையான கண்ணீர். அவள் கெட்டவள் அல்ல. படி இறங்கும்போது மருமகளின் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது தெரியாமலே ஜெனி நடந்தாள். "வலி போன சந்தோஷத்துல செருப்பையும் விட்டுட்டா பாரு!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஏஞ்சலம்மாள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டாள். மருமகளின் செருப்பை அவள் கையால் தொட்டது அதுதான் முதல்தடவை.

சனிக்கிழமை ஜெனி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அத்தை, ஒரு மாதிரி இருக்கு. உக்காந்தா பாய் இருக்கதே தெரியல. பஞ்சுல உக்காந்த மாதிரி."

"வலிச்ச எடம் வலிக்காம இருந்தா அப்படித்தான் இருக்கும். இத்தன நாள் பழகிட்டுல்லா?"

"இல்ல அத்தை, கால் நடுவுல எல்லாம்…"

"சீ! என்ன பேச்சு அது? சுகம் தந்தவர சந்தேகப்படாதட்டி. சந்தேகந்தான் வியாதிய திரும்பக் கூட்டிட்டு வரும்."

ஜெனி வாயை மூடிக்கொண்டாள். அன்று அவள் கழிப்பறைக்குத் துணை வரும்படி யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கேட்கவில்லை. கடைசியில் இந்த லைன் பெண்ணாக ஆகிவிட்டாள் என்று ஏஞ்சலம்மாள் நினைத்தாள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் ஜெனி முன்னால் நின்று சாட்சி சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. "எனக்கு வலி இருந்துச்சு. இப்ப வலி தெரியல," என்றாள். அவ்வளவுதான். மீதியைப் பாஸ்டர் சொன்னார். அன்று மத்தியானம் ஏஞ்சலம்மாள் கோழி எடுத்து, ஈரலைத் தனியாக வறுத்து மருமகளின் தட்டில் வைத்தாள். சாயங்காலம் தலைவாரிப் பின்னிவிட்டாள். வலிக்கிறவளுக்குக் கிடைக்காத அன்பெல்லாம் வலிக்காதவளுக்குக் கிடைத்தது. அன்பில் இப்படியும் ஒரு குரூரம் உண்டு. கொடுக்கிறவர்களுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

திங்கட்கிழமை விடியலில் ஜெனி வேலைக்கு உட்கார வந்தாள். ஏஞ்சலம்மாள் பொடிக்கு மிளகாய் வறுத்துவிட்டு, சூடான தோசைக்கல்லை இறக்கிச் சுவரோரத்தில் கிடந்த பலகைமேல் வைத்திருந்தாள். புகையும் ஆவியும் அறையை மூடியிருந்தன. ஜெனி மாவுச் சட்டியைப் பார்த்தபடி பின்புறமாகத் தாழ்ந்து அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். இட்லித் தட்டில் மாவை ஊற்றத் தொடங்கினாள்.

நைட்டி கருகும் வாடை முதலில் வந்தது. ஏஞ்சலம்மாள் அடுப்பைப் பார்த்தாள். மிளகாயைப் பார்த்தாள். அப்புறம்தான் பலகையைப் பார்த்தாள்.

"எழும்புட்டி! ஐயோ, எழும்பு!"

"என்ன அத்தை?" என்றாள் ஜெனி, கரண்டியைப் பிடித்தபடி. எதிலோ பிழை செய்துவிட்டோம் என்ற பயம் மட்டுந்தான் அவள் முகத்தில் இருந்தது. தட்டில் ஒரு குழி பாக்கி என்று அதையும் ஊற்றினாள்.

ஏஞ்சலம்மாள் அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். நைட்டியோடு தோலும் உரிந்து வந்தது. ஜெனி கத்தவில்லை. கத்தியது ஏஞ்சலம்மாள்தான். அந்தச் சத்தத்தில் சைக்கிள்காரர்கள் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்தது டாக்டர் மானசா, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஜாபெஸ் போய்ப் பார்த்த அதே டாக்டர். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவர் ஜெனியைக் கண்ணை மூடச்சொல்லி ஓர் ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே வந்தார். "இங்க குத்தறதா? இங்க? இங்க?" தொடையின் வெளிப்பக்கத்தில் "ம்" என்றாள். உட்காருகிற இடத்தில் பதிலே இல்லை. அடிவயிறு மேடிட்டிருந்தது. டாக்டர் குழாய் போட்டார். பை நிறைந்தது. நர்ஸ் இரண்டாவது பையை எடுக்க ஓடினாள்.

"கடைசியா எப்போம்மா யூரின் போனே?"

"வெள்ளிக்கிழமை காலையில டாக்டர். அப்புறம் தோணவே இல்ல. துணியில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு. வேர்வைன்னு நினைச்சேன்."

டாக்டர் ஏஞ்சலம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "மூணு நாள். நீங்க யாரும் கவனிக்கலையா?"

"எங்க லைன்ல பொம்பளைங்க அப்படித்தான் டாக்டரம்மா… அடக்கிக்கிடுவோம்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "வலி போயிட்டுன்னா. சுகமாயிட்டுன்னு நினைச்சோம்."

"வலி போகலை. நரம்பு இத்தனை நாளா கத்திண்டிருந்தது. டிஸ்க் முழுசா வெளியே வந்து அதோட கழுத்தை நெரிச்சுடுத்து. கழுத்தை நெரிச்சா கத்தறது நிக்குமோல்லியோ?" டாக்டர் கோபமாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது கோபம் இல்லை. "இந்த இடுப்பு விஷயம் எங்களுக்கே லேசில்ல மாமி. படத்துல மோசமா இருக்கறவா ஓடுவா, ஒண்ணுமில்லாதவா துடிப்பா. அதனாலதான் அன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம், பொறுத்துப் பார்க்கலாம்னேன். ஆனா உட்கார்ற இடம் மரத்துப் போனாலோ, யூரின் நின்னாலோ, அன்னிக்கே ஓடி வந்துடணும்னு உங்க பையன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

ஏஞ்சலம்மாள் மகனைத் தேடினாள். ஜாபெஸ் சுவரைப் பார்த்து நின்றான்.

"சொன்னாங்களால?"

"சொன்னாங்கம்மா."

"என்கிட்ட ஏன் சொல்லல? அவகிட்டயாவது சொன்னியா?"

"எப்படிம்மா சொல்லுவேன்?" அவன் அழுதுவிட்டான். "அந்த எடம், மூத்திரம்னெல்லாம்… ஒரே ரூம்ல, உன் முன்னாடி… வாய் வரலம்மா. அப்படியெல்லாம் ஆகாதுன்னு நினைச்சேன்."

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. இவன் சிறுவனாக இருக்கும்போது உடம்பின் அந்தப் பகுதியைப் பற்றி ஏதோ வார்த்தை சொன்னான் என்று உதட்டில் மிளகாய் தேய்த்தவள் அவள்தான். அந்த வாய்தான் இது. சனிக்கிழமை மருமகளும் சொல்ல வந்தாள். "சீ" என்று அவள் வாயை அடைத்தது யார்?

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. கால்களுக்குப் பலம் வந்துவிடும் என்றார்கள். புண்ணும் ஆறிவிடும். மூத்திரம் தானாகப் போவது திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் மானசா, "முதல் நாளே வந்திருந்தா நம்பிக்கையா சொல்லியிருப்பேன்," என்றார். மெல்லிய குழாயைத் தானே போட்டு எடுக்க ஜெனி பழகவேண்டும். தினமும் பல தடவை. அநேகமாக வாழ்நாள் முழுக்க.

பழக்குவதற்கு நர்ஸ், குழாய் போடும் இடத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியோடு வந்தபோது, "வீட்டுல ஒருத்தர் கூட இருந்து கத்துக்கணும்," என்றாள். ஏஞ்சலம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அத்தை வேண்டாம்," என்றாள் ஜெனி. கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

"நான் பாத்துக்கிடுதேன் மக்களே. எனக்கென்ன கூச்சம்?"

"எனக்கு இருக்கு. நீங்க இருந்தா வராது. அப்புறம் நான் நடிக்கேன்னு தோணும் உங்களுக்கு."

ஏஞ்சலம்மாள் செருகிய சேலையை இறக்கிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் தொடையெலும்பு முறிந்து கிடந்த வந்தனா என்ற மராட்டிக்காரி, பேச்சு புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்து, தன் கட்டிலை ஒட்டி இழுக்கச் சொன்னாள். படுத்தபடியே கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "சாவகாசமா பண்ணு மகளே, ஒண்ணும் அவசரமில்ல," என்று ஹிந்தியில் சொன்னாள். யாரோ ஒருத்தி. பெயர்கூட அன்று காலையில்தான் தெரியும். ஜெனி அவளைப் பார்த்து முதல்முறையாக அழுதாள்.

திரையை மூடப் போனால், இரண்டு வளையங்கள் அறுந்து, நடுவில் இடைவெளி விட்டுத் தொங்கியது. ஏஞ்சலம்மாள் வெளியே வந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு ஓரங்களையும் தலைக்குமேல் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த வேலையை யாரும் அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரமாயிற்று. பாஸ்டரம்மாவும் சபைப் பெண்கள் மூன்று பேரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்தார்கள்.

"சாட்சி சொன்ன பிள்ளைக்கு இப்படி ஆயிட்டே ஏஞ்சல் அக்கா! விரோதியான சாத்தான் பொறாமைப்பட்டுட்டான். திரையைத் திறங்க, தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறோம்."

"இப்ப வேண்டாம்."

"ஜெபம் வேண்டாமா?"

"ஜெபம் வேணும். இங்கன நின்னு, மெதுவா பண்ணுங்க. உள்ள பிள்ள ஒரு வேலையா இருக்கா."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டரம்மா நல்லவர், அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "அன்னைக்கு சுகமாயிட்டுன்னு சொன்னாளே அக்கா, அது எப்படி?"

லைன் முழுக்க மதித்த கண்கள் தரையைப் பார்த்தன. "அவ அப்படிச் சொல்லல. வலி தெரியலன்னுதான் சொன்னா. சுகம்னு சொன்னது நாமதான். அவ கேட்ட நாற்காலிய நான் குடுக்கல. மறுநாள் வந்து சொன்னா, கேக்கல. கர்த்தர் மேல பழி போடாதீங்க. விரோதி மேலயும் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை சபையில இத நானே சொல்லுதேன்."

பாஸ்டரம்மா ஆப்பிள் பையைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, சத்தமில்லாமல் ஜெபிக்கத் தொடங்கினார்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து ஜெனியின் குரல் வந்தது.

"ஒருத்தரும் உள்ள வரமாட்டாவ. நீ பாரு," என்றாள் ஏஞ்சலம்மாள்.

குழாயின் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. வந்தனா ஏதோ மெல்லச் சொன்னாள். தலைக்குமேல் தூக்கிப் பிடித்த கைகள் கடுக்கத் தொடங்கின. முதுகின் கீழே ஒரு வலி எழுந்தது. ஏஞ்சலம்மாள் திரையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.